அந்த இரண்டாவது வரி

1971 செப்டம்பரில் அர்பாநெட் என்ற அமெரிக்க ஆய்வு வலையமைப்பில் சுமார் இருபது கணினிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்துக்கு 1, மென்லோ பார்க்கில் இருந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்துக்கு 2, சான்டா பார்பராவுக்கு 3, யூட்டாவுக்கு 4 என்று சேர்ந்த வரிசையில் எண் போட்டுக்கொண்டே போனார்கள். எண்ணை யார் நினைவில் வைத்திருப்பது? ஒவ்வோர் ஊர் நிரலாளரும் தங்கள் வசதிக்கு ஒரு பெயர்ப் பட்டியலை எழுதிக்கொண்டார்கள். ஓர் ஊரில் பெயரைச் சொன்னதும் கிடைத்த கணினி, அடுத்த ஊரில் அதே பெயரைச் சொன்னால் கிடைக்கவில்லை. மைட்டர் நிறுவனத்தில் இருந்த பெகி கார்ப் அந்த மாதம் 20-ஆம் தேதி ஒரு சிறு குறிப்பைச் சுற்றுக்கு விட்டார். ஆர்.எஃப்.சி 226 என்று எண்ணிடப்பட்ட அந்தக் குறிப்பு கேட்டது ஒன்றைத்தான்: ஒரு கணினியை எல்லோரும் ஒரே பெயரால் கூப்பிடுவோம். கேட்டது சின்ன விஷயம். அது கிளப்பிவிட்ட சிக்கல் அடங்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

ஒரே பெயர் என்று முடிவானாலும் பட்டியல் ஒவ்வோர் ஊரிலும் தனித்தனியாகவே இருந்தது. ஒரு கணினி புதிதாகச் சேர்ந்தால் ஊர் ஊராகப் பட்டியலைத் திருத்த வேண்டும். பல ஊர்களில் திருத்த மாட்டார்கள். 1973 டிசம்பரில் பீட்டர் டாய்ச் என்பவர் பொறுமை இழந்தார். கணினிகளை இணைக்கவென்றே ஒரு வலையமைப்பு இருக்கும்போது ஆளாளுக்குப் பழைய பட்டியலை வைத்துக்கொண்டிருப்பது அபத்தம், ஓர் இடத்தில் வையுங்கள், மற்றவர்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று ஆர்.எஃப்.சி 606-ல் எழுதினார். அடுத்த மாதமே மென்லோ பார்க் அந்தப் பொறுப்பை ஏற்றது. அங்கே தகவல் மையத்தை நடத்தியவர் எலிசபெத் ஃபெயின்லர். அவரது குழு பராமரித்த ஹோஸ்ட்ஸ் கோப்பு பத்தாண்டுகள் அந்த உலகத்தின் ஒரே பெயர்ப் பதிவேடாக இருந்தது. யார் புதுக் கணினி வாங்கினாலும் மையத்துக்குச் சொல்லிவிட வேண்டும், பெயரும் முகவரியும் கோப்பில் ஏறும், மற்றவர்கள் இறக்கிக்கொள்வார்கள். ஊருக்கெல்லாம் பெயர் தெரிந்துவிட்டது. ஆனால் கணினிக்குத் தன் பெயர் தெரியுமா?

யூனிக்ஸ் என்ற இயக்க முறைமை ஓடிய கணினிகளைப் பொறுத்தவரை அதற்கு வந்த பதில் விசித்திரமானது. 1979-ல் வெளியான ஏழாம் பதிப்பு யூனிக்ஸிலும் அதை ஒட்டி வளர்ந்த பெர்க்லி யூனிக்ஸிலும் கணினியின் பெயர் 'ஹூ ஆம் ஐ' என்ற ஒரு சிறு தலைப்புக் கோப்பில் எழுதப்பட்டிருந்தது. அஞ்சல் நிரல் போன்றவை தொகுக்கப்படும்போது அந்தப் பெயர் அவற்றுக்குள்ளேயே போய் உறைந்துவிடும். பெயரை மாற்ற நினைத்தால் அந்த நிரல்களையெல்லாம் மறுபடி தொகுக்க வேண்டும். அதனால் பெயரை யாரும் லேசில் மாற்றவில்லை. மாற்ற வேண்டிய அவசியமும் வரவில்லை. பெர்க்லியில் இருந்த வாக்ஸ் கணினி ஒன்றுக்கு, எர்னி கோவாக்ஸ் என்ற நகைச்சுவை நடிகரின் பெயரை வைத்து 'எர்னி கோ-வாக்ஸ்' என்று செல்லமாகப் பெயர் சூட்டினார்கள். குளிரூட்டிய அறையில், இடம் பெயராமல் நின்ற இயந்திரம் அது. எங்கே போய்விடப்போகிறது?

1983 ஆகஸ்டில் பெர்க்லியின் 4.2 பதிப்பு வந்தது. இணையத்தின் அடிப்படை நெறிமுறையான டிசிபி/ஐபியைப் பரவலாகக் கொண்டுபோய்ச் சேர்த்த பதிப்பு. கணினியின் பெயரை இயக்க முறைமையின் கருவுக்குச் சொல்லவும் கருவிடமிருந்து கேட்கவும் இரண்டு அழைப்புகள் அதில் இருந்தன. கணினி துவங்கும்போது ஓடும் கோப்பில் 'ஹோஸ்ட்நேம்' என்று எழுதி, பக்கத்தில் பெயரை எழுதினால் போதும். மறுதொகுப்பு வேண்டாம், காத்திருப்பு வேண்டாம். கூடவே, மென்லோ பார்க் பட்டியலின் அதே பாணியில் ஒவ்வொரு கணினியிலும் ஒரு ஹோஸ்ட்ஸ் கோப்பு. ஒரு வரியில் முகவரி, அதன் பக்கத்தில் பெயர். நிரல் எழுதியவர்களுக்கு ஒரு பழக்கம் படிந்தது: தன் பெயரைக் கருவிடம் கேள், அந்தப் பெயரைக் கொடுத்து முகவரியைத் தேடு, கிடைத்த வரியின் முதல் பெயரை உன் முழுப்பெயராக வைத்துக்கொள். எரிக் ஆல்மன் எழுதிய செண்ட்மெயில் என்ற அஞ்சல் நிரல் இப்படித்தான் தான் யார் என்பதைத் தெரிந்துகொண்டது. பெயர் என்று ஒன்று இருந்தால் அதற்கு முகவரி என்று ஒன்று இருந்தே தீரும் என்ற நம்பிக்கை அந்தப் பழக்கத்துக்குள் ஒளிந்திருந்தது. என் பார்வையில் இந்தக் கதையின் முதல் முடிச்சு இங்கேதான் விழுந்தது. விழுந்தது யாருக்கும் தெரியவில்லை, அன்று வலையில் இருந்த கணினிகளுக்கு நிரந்தர முகவரி இருந்ததால்.

அதே ஆண்டு நவம்பரில் இரண்டாவது முடிச்சு. மென்லோ பார்க் கோப்பு பெருத்துப்போய்விட்டது. திருத்தங்கள் குவிந்தன, எல்லோரும் ஒரே இடத்திலிருந்து இறக்கியதில் நெரிசல் கூடியது. தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் இருந்த பால் மொகாபெட்ரிஸ், ஆர்.எஃப்.சி 882, 883 என்ற இரண்டு ஆவணங்களில் டிஎன்எஸ் முறையை முன்வைத்தார். ஒரே பெரிய பட்டியல் போய், ஒவ்வொரு நிறுவனமும் தன் பெயர்களைத் தன் சர்வரிலேயே வைத்திருக்கும், கேட்டால் சொல்லும். அடுத்த ஆண்டு பெர்க்லியின் பட்டதாரி மாணவர்கள் நால்வர் அதை யூனிக்ஸுக்கு எழுதினார்கள். பைண்ட் என்ற பெயரில் இன்றும் ஓடுகிற மென்பொருள் அது. அற்புதமான ஏற்பாடு, சந்தேகமில்லை. ஆனால் இதன் பிறகு, தன் ஹோஸ்ட்ஸ் கோப்பில் தன் பெயர் இல்லாத கணினி, 'நான் யார்' என்று வெளியூர் சர்வரைத்தான் கேட்க வேண்டும். வெளியூருக்குப் போகும் கம்பியே இல்லாத நேரத்தில் அந்தக் கேள்வி எழுந்தால்?

அந்தக் கம்பி தொலைபேசிக் கம்பியாக வந்தது. 1984-ல் ரிக் ஆடம்ஸ் என்பவர், ஐபி பொட்டலங்களைத் தொடர் கம்பி வழியே அனுப்பும் ஸ்லிப் என்ற எளிய முறையை பெர்க்லி யூனிக்ஸுக்கு எழுதினார். பொட்டலம் முடியும் இடத்தில் ஓர் அடையாள எழுத்து. அதே எழுத்து உள்ளே வந்தால் அதற்கு ஒரு மாற்று. ஏறக்குறைய அவ்வளவுதான் ஸ்லிப். எழுதுவது அத்தனை சுலபம் என்பதால் எங்கும் பரவியது. நான்கு ஆண்டுகள் கழித்து ஜான் ராம்கி அதை ஆர்.எஃப்.சி 1055-ல் பதிவு செய்தபோது, 'தரநிலை ஆகாத ஒன்று' என்று தலைப்பிலேயே அறிவித்தார். குறைகளையும் அதிலேயே எழுதினார். முதல் குறை இது: இரு முனைக் கணினிகளுக்கும் ஒன்றின் முகவரி மற்றதற்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அதைச் சொல்லிக்கொள்ள ஸ்லிப்பில் வழி கிடையாது. இரண்டு அலுவலகங்களை நிரந்தரமாக இணைத்த கம்பிக்கு அது ஒரு குறையே இல்லை. வீடுகளிலிருந்து மனிதர்கள் மோடத்தைச் சுழற்ற ஆரம்பித்தபோதுதான் குறை பூதமாக எழுந்தது.

இணையச் சேவை நிறுவனங்களிடம் வாடிக்கையாளர்கள் நிறைய, மோடங்கள் கொஞ்சம். ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் அழைக்கப்போவதில்லை என்ற கணக்கில் தொழில் நடந்தது. முகவரியை ஆளுக்குக் கொடுக்காமல் மோடத்துக்குக் கொடுத்தார்கள். சத்திரத்தில் வந்திறங்கும் வழிப்போக்கருக்கு எந்த அறை காலியோ அந்த அறை என்பது மாதிரி, அழைத்தவருக்கு எந்த மோடம் கிடைத்ததோ அதன் முகவரி. காலையில் ஒன்று, மாலையில் இன்னொன்று. ஸ்லிப் காலத்தில் அந்த முகவரியைத் தெரிந்துகொண்ட விதத்தை நினைத்தால் இப்போதும் வியப்பாக இருக்கிறது. உள்நுழைந்ததும் எதிர்முனை சர்வர் 'உங்கள் முகவரி இது' என்று திரையில் எழுத்தாக அச்சிடும். லினக்ஸில் டிப் என்றொரு சிறு நிரல் இருந்தது. அந்த எழுத்தோட்டத்திலிருந்து முகவரியைப் பொறுக்கி எடுக்க அதில் ஒரு கட்டளையே வைத்திருந்தார்கள். சர்வர்காரர் வரவேற்பு வாசகத்தில் ஒரு சொல்லை மாற்றினால் போதும், அன்றைக்கு இணைப்பு அம்பேல்.

இதற்கு ஒழுங்கான தீர்வாக பிபிபி என்ற நெறிமுறை 1989 முதல் படிப்படியாக உருவாகி, 1994-ல் ஆர்.எஃப்.சி 1661 வடிவத்தில் நிலைபெற்றது. முகவரிப் பேச்சு அதில் இப்படி நடந்தது. வீட்டுக் கணினி, 'என் முகவரி 0.0.0.0, ஒப்புதல் தருக' என்று கேட்கும். அப்படியொரு முகவரி செல்லாது என்பது இரு தரப்புக்கும் தெரியும். சேவை நிறுவனத்தின் கணினி மறுத்து, இன்ன முகவரியை வைத்துக்கொள் என்று திருப்பி அனுப்பும். வீட்டுக் கணினி அதையே தன் கோரிக்கையாக மறுபடி அனுப்பும். இப்போது ஒப்புதல் கிடைக்கும். தன்னிடம் முகவரி இல்லை என்பதைத் தொலைபேசிக் கம்பியில் ஒரு கணினி நாகரிகமாக ஒத்துக்கொள்ள வழி பிறந்தது. இணைப்பு அமைந்தது. முகவரிச் சிக்கல் தீர்ந்தது. பெயர்ச் சிக்கல் அந்த நிமிடத்தில்தான் ஆரம்பித்தது.

ஏனென்றால் யூனிக்ஸ் அதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டது. 1991-ல் யூனிக்ஸ் பாணியிலான லினக்ஸ் பிறந்தது. 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத் திட்டத்தை அறிவித்தார். அறை முழுக்க நின்ற வாக்ஸின் இடத்தில் மேசைக்கடியில் ஒரு பெட்டி; ஈதர்நெட்டுக்குப் பதிலாக மோடம். ஆனால் உள்ளே ஓடியது பெர்க்லி காலத்துப் பழக்கங்களோடு எழுதப்பட்ட அதே நிரல்கள். நிறுவும்போது ஹோஸ்ட்நேம் என்ன என்று கேட்டது. மனிதர்கள் ஆசையாகப் பெயர் வைத்தார்கள். அதற்கு அடுத்து, முழுப் பெயர் என்ன, முகவரி என்ன என்று கேட்டது. கைகள் விசைப்பலகையின் மேல் நின்றுவிட்டன.

இந்தியாவில் இந்தச் சிக்கல் ஒரு படி தள்ளியே வந்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது பலர் எடுத்தது ஷெல் கணக்கு. மோடத்தைச் சுழற்றினால் விஎஸ்என்எல்லின் யூனிக்ஸ் கணினியில் ஒரு முனையமாக உட்காரலாம், எழுத்து மட்டும் தெரியும். வீட்டுக் கணினிக்கு இணையத்தில் முகவரியும் கிடையாது, பெயரும் கிடையாது. பெயர் அந்த யூனிக்ஸ் கணினிக்குத்தான். அதனால்தான் அந்தக் காலத்துச் சென்னை மின்னஞ்சல் முகவரிகளின் பின்பாதியில் ஜியாஸ்எம்டி01 என்று வந்தது. ஜியாஸ் என்பது சேவையின் பெயர்ச் சுருக்கம், எம்டி என்பது மெட்ராஸ், 01 என்பது இயந்திரத்தின் எண். பம்பாய்க்காரர்களுக்கு ஜியாஸ்பிஎம்01. ஓர் ஊரில் இணையத்தில் இருந்த ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே யூனிக்ஸ் கணினியின் ஹோஸ்ட்நேமைத் தங்கள் விசிட்டிங் கார்டில் அச்சிட்டுக்கொண்டார்கள். இதை எழுதும்போதுகூட ஒரு சிலிர்ப்பு வருகிறது. டிசிபி/ஐபி கணக்குக்கு மாறியவர்களின் வீட்டுக் கணினி முதல்முறை சொந்த முகவரியோடு இணையத்துக்குள் கால் வைத்தது. அதில் லினக்ஸ் போட்டவர்கள், உலகத்தின் மற்ற லினக்ஸ்காரர்கள் முழித்துக்கொண்டிருந்த அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

என்ன நடந்தது என்று கிட்டப் போய்ப் பார்க்கலாம். மோடம் அணைந்திருக்கிறது. கணினியை இயக்கியதும் துவக்க வரிகள் திரையில் ஓடுகின்றன. செண்ட்மெயில் எழும் இடம் வந்ததும் ஓட்டம் நின்றுவிடுகிறது. வன்வட்டு சத்தம் இல்லை, திரையில் அசைவு இல்லை. கெட்டுவிட்டது என்று பயந்து பலர் மின்சாரத்தை அணைத்தார்கள். பொறுமையாக இருந்தவர்களுக்கு ஒரு நிமிடம் கழித்து ஓட்டம் மறுபடி தொடங்கியது. பதிவேட்டைத் திறந்து பார்த்தால் செண்ட்மெயில் எழுதிவைத்த குறிப்பு இருந்தது: என் பெயருக்கு முழுப்பெயர் கிடைக்கவில்லை, தூங்கிவிட்டு மறுபடி முயல்கிறேன். தன் பெயரைக் கருவிடம் கேட்டது, முகவரியைத் தேடியது, கிடைக்கவில்லை, அறுபது விநாடி தூங்கியது, மறுபடி கேட்டது, கடைசியில் குறும்பெயரே போதும் என்று எழுந்தது. 1983-ல் விழுந்த முடிச்சு இறுகியது அந்த அறுபது விநாடிகளில்தான். இதாவது பொறுத்துக்கொள்ளக்கூடிய தொல்லை. தொலைபேசிக் கட்டணத்தில் கைவைத்த தொல்லை இன்னொன்று இருந்தது.

தேவைப்படும்போது தானாக மோடத்தைச் சுழற்றும் வசதி அப்போது பிரபலம். ஏதாவது ஒரு நிரல் வெளியே பொட்டலம் அனுப்ப முயன்றால் டயல்டி போன்ற மென்பொருள் உடனே அழைப்பைப் போடும். தன் பெயரின் முகவரியை டிஎன்எஸ்ஸிடம் கேட்கும் கேள்வியும் வெளியே போகும் பொட்டலம்தானே? யாரும் கணினியைத் தொடாத நேரத்தில், ஏதோ ஒரு பின்னணி நிரல் தான் யார் என்று விசாரிக்கத் தொடங்க, மோடம் கீச்சிட்டு எழுந்து சேவை நிறுவனத்தை அழைத்தது. பதில் வராது என்று தெரிந்த கேள்விக்கு அழைப்புக் கட்டணம் ஓடியது. வீட்டார் கேட்டால் என்ன சொல்வது?

புத்திசாலிகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இணைப்பு அமைந்ததும் பிபிபி மென்பொருள் 'ஐபி-அப்' என்ற சிறு கோப்பை ஓட்டும். கிடைத்த முகவரியை அதற்குக் கொடுக்கும். அந்த முகவரிக்குச் சேவை நிறுவனம் டிஎன்எஸ்ஸில் ஒரு பெயர் வைத்திருக்கும், மோடத்தின் எண்ணை ஒட்டிய ஏதோ ஒரு பெயர். அதை எடுத்து கணினியின் ஹோஸ்ட்நேமாக வைத்துவிட்டால் பெயரும் முகவரியும் பொருந்திவிடும் அல்லவா? வைத்தார்கள். அஞ்சல் நிரல் சமாதானமானது. வெற்றி என்று நினைத்து, புதிய ஜன்னல் ஒன்றைத் திறக்கப் போனார்கள்.

ஜன்னல் திறக்கவில்லை. அனுமதி இல்லை என்றது. யூனிக்ஸின் வரைகலைத் திரையான எக்ஸ், யார் திரையில் வரையலாம் என்பதற்கு ஒரு ரகசியச் சீட்டை வைத்திருந்தது. அந்தச் சீட்டு கணினியின் ஹோஸ்ட்நேமின் கீழ் பதிவாகியிருந்தது. நடுவழியில் பெயர் மாறியதும், நிரல்கள் புதுப் பெயரின் கீழ் சீட்டைத் தேடின. பதிவு பழைய பெயரில் கிடந்தது. ஏற்கனவே திறந்திருந்த ஜன்னல்கள் பாட்டுக்கு ஓடின, புதியது ஒன்றும் வராது. சொந்த வீட்டில், சொந்தக் கணினியில், சொந்தத் திரை கதவைச் சாத்திக்கொண்டது. இணைப்பைத் துண்டித்துப் பழைய பெயரை வைத்தால் மறுபடி திறக்கும். பெயரை மாற்றினால் திரை போகும், மாற்றாவிட்டால் அஞ்சல் போகும். எதை விடுவது?

பெயரை மாற்றாதே என்பது அனுபவசாலிகளின் தீர்ப்பானது. கணினிக்கு வீட்டுக்குள் ஒரு பெயர் இருக்கட்டும், வெளியே போகும் கடிதத்தில் மட்டும் சேவை நிறுவனத்தின் பெயரைப் போட்டு அனுப்பு என்றார்கள். செண்ட்மெயிலில் அதற்கு முகமூடி போடும் வசதியே இருந்தது. அதைச் செய்யாதவர்கள் 1998-ல் மாட்டினார்கள். அந்த ஆண்டு வெளியான செண்ட்மெயில் 8.9, குப்பை அஞ்சலைத் தடுக்க, அனுப்புநரின் களப்பெயர் டிஎன்எஸ்ஸில் இல்லையென்றால் கடிதத்தை வாங்கவே மறுத்தது. ஆசையாக வைத்த வீட்டுப் பெயரோடு போன கடிதங்கள் வாசலிலேயே திரும்பின. இந்த அடியில் ஒரு தெளிவு பிறந்தது. கணினிக்கு வீட்டுக்குள் வைத்த பெயர் வேறு, இணையத்தில் அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் பெயர் வேறு. வாக்ஸ் காலத்தில் இரண்டும் தற்செயலாக ஒன்றாக இருந்தன, அவ்வளவுதான். மனிதர்களுக்குப் புரிந்துவிட்டது. ஆயிரக்கணக்கில் எழுதிக் குவிந்திருந்த நிரல்களுக்கு யார் புரியவைப்பது?

நிரல்களைத் திருத்த முடியாது. அவை கேட்கும் கேள்விக்கு உள்ளூரிலேயே ஒரு பதிலை வைத்துவிடலாம் என்று லினக்ஸ் விநியோகங்கள் முடிவெடுத்தன. அதற்கு ஒரு முகவரி வேண்டும். மோடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், என்றைக்கும் மாறாத முகவரி. அது பல ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மூலையில் ஒதுக்கப்பட்டுக் கிடந்தது. முதல் வகுப்பு வலையமைப்பு எண்கள் 0-இலிருந்து 127 வரை. 1981-லேயே ஜான் போஸ்டெலின் எண் பட்டியலில் முதல் எண்ணும் கடைசி எண்ணும் யாருக்கும் கொடுக்காமல் வைக்கப்பட்டிருந்தன. 1986 நவம்பரில் ஆர்.எஃப்.சி 990, கடைசி எண்ணான 127-ஐ ஒரு கணினி தன்னோடு தானே பேசிக்கொள்வதற்கென்று எழுதிவைத்தது. அதில் தொடங்கும் முகவரிக்கு அனுப்பும் பொட்டலம் கணினியை விட்டு வெளியேறவே கூடாது. இதற்கு ஒரே ஒரு முகவரி போதும், 127.0.0.1. அதன் பெயர் லோக்கல்ஹோஸ்ட். ஆனால் ஒதுக்கப்பட்டதோ 1,67,77,216 முகவரிகள், மொத்த ஐபி முகவரிகளில் 256-இல் ஒரு பங்கு. இத்தனை பெரிய வீண் செலவு ஒருநாள் கைகொடுக்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

முதலில் எல்லோருக்கும் தோன்றியது நேர் வழி. ரெட்ஹேட் நிறுவி, 127.0.0.1 வரியிலேயே கணினியின் பெயரையும் சேர்த்து எழுதியது. மேலே ஒரு எச்சரிக்கைக் குறிப்பும் இருந்தது: இந்த வரியை நீக்காதீர்கள், நீக்கினால் பல நிரல்கள் வேலை செய்யாது. செண்ட்மெயில் தூங்குவது நின்றது. ஆனால் ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரியின் முதல் பெயர்தான் அதிகாரப்பூர்வப் பெயர். முதலில் லோக்கல்ஹோஸ்ட் இருந்தால், கணினி தன் முழுப்பெயரே 'லோக்கல்ஹோஸ்ட்' என்று நம்பி, அந்தப் பெயரில் கடிதம் அனுப்பியது. முதலில் கணினியின் பெயர் இருந்தால், லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரை எதிர்பார்த்து அனுமதி கொடுத்த நிரல்கள், வேறு பெயரைக் கண்டு கதவை மூடின. இடமா வலமா என்று பெயர்களை மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தவர்கள் ஏராளம். எப்படி எழுதினாலும் ஏதாவது ஒன்று உடைந்தது. ஒரே முகவரியில் இரண்டு பெயரைக் குடிவைத்ததுதான் கோளாறு என்று புரிய நாளானது.

அப்படியானால் இன்னொரு முகவரி? 127-இல் தொடங்கும் மற்ற முகவரிகளை பெர்க்லி வழி வந்த யூனிக்ஸ்கள் கண்டுகொள்வதில்லை. அவற்றில் 127.0.0.1 மட்டும்தான் உயிரோடு இருக்கும். லினக்ஸ் கருவோ, கணினி தன்னோடு பேசிக்கொள்ளும் லூப்பேக் இடைமுகத்தை எழுப்பும்போது ஒதுக்கீடு முழுவதையும் தன்னுடையதாக எடுத்துக்கொண்டது. ஒன்றேமுக்கால் கோடிக்குச் சற்றுக் குறைவான அந்த முகவரிகளில் எதைக் கூப்பிட்டாலும் கணினியே பதில் சொல்லும். யாரும் தனியாக எதையும் அமைக்க வேண்டியதில்லை. சூசே லினக்ஸ் இதைப் பிடித்துக்கொண்டு, கணினியின் பெயரை 127.0.0.2-க்கு எழுதியது. டெபியன்காரர்கள் அதுவரை பழைய வழியிலேயே போய்க்கொண்டிருந்தார்கள். 2005-இன் நடுவில் அவர்களுடைய பிழைப் பதிவேட்டில் 316099 என்ற எண்ணில் ஒரு பிழை ஏறியது.

ஜினோம் என்ற வரைகலைச் சூழல் போன்ற மென்பொருள்கள் கணினியின் பெயருக்கு ஒரு முகவரி கிடைத்தே ஆக வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன, நிரந்தர முகவரி இல்லாத கணினிக்கு என்ன செய்வது என்பதுதான் அங்கே பேசப்பட்டது. அப்படி எதிர்பார்ப்பதே முறையல்ல என்பதை டெபியன் ஆவணம் மறைக்கவில்லை. கணினியின் பெயரும் களப்பெயரும் இரண்டு வெவ்வேறு விஷயங்கள், ஆனாலும் இந்த மென்பொருள்களைத் தாங்கிப்பிடிக்க வேண்டியிருக்கிறது என்று எழுதினார்கள். எனக்கு இந்த நேர்மை மிகவும் பிடிக்கும். நிறுவியில் ஒரு விதி சேர்ந்தது: நிரந்தர முகவரி இருந்தால் ஹோஸ்ட்ஸ் கோப்பில் அதையே எழுது, இல்லையென்றால், லோக்கல்ஹோஸ்டைத் தொடாமல், அதற்குக் கீழே தனி வரியில் 127.0.1.1 என்று எழுதி, பக்கத்தில் கணினியின் பெயரைப் போடு.

இன்றைக்கு டெபியனோ உபுண்டுவோ நிறுவிய எந்த மடிக்கணினியிலும் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்தால் முதல் வரிக்குக் கீழே சாதுவாக உட்கார்ந்திருக்கும் 127.0.1.1 இதுதான். எத்தனையோ பேர் அதைப் பார்த்திருப்பார்கள், 127.0.0.1-ஐ யாரோ தப்பாக அடித்துவிட்டார்கள் என்று திருத்தியவர்களும் உண்டு. டெபியன் வழி வந்த குடும்பம் பெரியது. லினக்ஸ் மின்ட் அதில் உண்டு. சி-டாக் நிறுவனம் உருவாக்கி, தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்ந்து வந்த பாஸ் லினக்ஸும் அதே வம்சம்தான். மோடம் கீச்சிடுவதைக் கேட்டே இராத தலைமுறையின் கணினிகளிலும் இந்த வரிக்கு வேலை இருந்தது. கம்பியில்லா இணைப்பில் காப்பிக் கடைக்கு ஒரு முகவரி, கல்லூரிக்கு ஒரு முகவரி என்று மாறிக்கொண்டே இருக்கும் மடிக்கணினியின் நிலைமை, அன்றைய டயல்-அப் கணினியின் நிலைமையேதான்.

ஆனால் இந்த வரி இன்னொரு இடத்தில் போய்க் காலை வாரியது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹடூப், எச்பேஸ் போன்ற பெருந்தரவு மென்பொருள்கள் பரவின. பல கணினிகளைச் சேர்த்துக் கட்டி ஒன்றாக ஓட்டுபவை. தலைமைக் கணினி, பெர்க்லி காலத்துப் பழக்கப்படி, தன் பெயரைக் கொடுத்துத் தன் முகவரியைத் தேடியது. உபுண்டுவின் இரண்டாவது வரி 127.0.1.1 என்று பதில் சொன்னது. தலைமைக் கணினி அந்த முகவரியில் காது வைத்துக் காத்திருந்தது. அந்த முகவரிக்கு வெளியிலிருந்து எந்தப் பொட்டலமும் வர முடியாது. மற்ற கணினிகள் கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்தன. எல்லாம் சரியாக ஓடுவதாகத் திரையில் தெரிந்தும் ஒன்றும் நடக்கவில்லை என்று பொறியாளர்கள் இரவெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கடைசியில் எச்பேஸ் தன் தொடக்கக் கையேட்டிலேயே எழுதிவைத்தது: உபுண்டுவில் 127.0.1.1 என்றிருக்கும், அதனால் சிக்கல் வரும், மாற்றிவிட்டுத் தொடங்கவும். நிரந்தர முகவரி உள்ள சர்வரில் இந்த வரிக்கு இடமே இல்லை என்று டெபியன் விதி முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது.

பிற்பாடு, லினக்ஸின் துவக்க வேலைகளைக் கவனிக்கும் சிஸ்டம்டியோடு வந்த ஒரு சிறு நூலகம், ஹோஸ்ட்ஸ் கோப்பில் எதுவும் எழுதாமலே கணினியின் பெயருக்குப் பதில் சொல்லக் கற்றுக்கொண்டது. வலையில் முகவரி இருந்தால் அதைச் சொல்லும், இல்லாவிட்டால் சூசே அன்று தேர்ந்தெடுத்த அதே 127.0.0.2. அது இருந்தும் டெபியன் நிறுவி இரண்டாவது வரியை எழுதுவதை விடவில்லை. 2021-இல் ஐபி முகவரிகளின் பஞ்சத்தைப் பார்த்து, 127-க்குள் முடங்கிக் கிடப்பவற்றை உலகத்துக்குத் திறந்துவிடலாம் என்று ஒரு முன்மொழிவு இணையப் பொறியியல் குழுவின் முன் வந்தது. 127.0-இல் தொடங்கும் முதல் 65,536 முகவரிகளை மட்டும் பழைய வேலைக்கு வைத்துக்கொண்டு மீதியை விடுவிப்பது திட்டம். தரநிலையாக ஏற்கப்படவில்லை. ஏற்றிருந்தாலும், வைத்துக்கொள்ளும் பகுதிக்குள்தான் 127.0.1.1 இருந்தது.